முதல் நாற்காலி யாருக்கு?

டெக்சஸில் என் மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியின் பேண்டில் கிளாரினெட் பிள்ளைகள் யார் எங்கே உட்காருவது என்பதை ஆடிஷன்தான் முடிவு செய்கிறது. ஆசிரியர் திரைக்கு அந்தப் பக்கம். பிள்ளை பெயர் சொல்லக் கூடாது, பேசவே கூடாது. கையில் ஓர் எண் இருக்கும். இரண்டு ஸ்கேல், ஒரு பயிற்சிப் பாடம், பிறகு பார்த்தவுடன் வாசிக்கச் சில வரிகள். மதிப்பெண்படி முதல் நாற்காலியிலிருந்து கடைசி நாற்காலி வரை வரிசை. முன் நாற்காலிகளுக்கு மெட்டு வாசிக்கும் முதல் பகுதி, கடைசி நாற்காலிகளுக்குக் கீழ்க்குரல் வாசிக்கும் மூன்றாம் பகுதி. சில பள்ளிகளில் முன்னால் இருப்பவரைச் சவாலுக்கு அழைத்து, ஜெயித்து, அவர் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் முடியும். சாதி பார்த்துப் பந்தி வைத்த ஊரில் வளர்ந்தவன் நான். அந்தத் திரையின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் யார் நன்றாக வாசிக்கிறார் என்பதை மட்டுமே திரை சொல்லும். அவருக்கு எந்த இடம் உரியது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். நல்ல குழல்களை உயர்குலத்தாருக்கோ அழகானவர்களுக்கோ கொடுக்காதே, நன்றாக ஊதுபவருக்குக் கொடு என்கிறார் அரிஸ்டாட்டில், ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில். அதன் பின்னால் இருக்கும் காரணத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்: குழல் இருப்பது ஊதுவதற்காக. அதை அவர் பரிசாகப் பார்க்கவில்லை. அமர்த்திய சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு புல்லாங்குழலுக்கு மூன்று பிள்ளைகள் உரிமை கோருகிறார்கள். ஒன்றுக்கு வாசிக்கத் தெரியும். இன்னொன்றிடம் விளையாட வேறெதுவும் இல்லை. மூன்றாவது அதைச் செய்த பிள்ளை. எந்தக் கோரிக்கையையும் சென் எளிதில் தள்ளிவிடவில்லை. தனி ஆசிரியரிடம் கற்கும் பிள்ளையையும் பள்ளியின் பழைய கருவியை இரவல் வாங்கி வாசிக்கும் பிள்ளையையும் நினைத்தால், திரை நீதியின் ஒரு பாதிதான் என்று படுகிறது.

இடம் பற்றி இன்னொன்றை ஒத்திகையில் கவனித்தேன். கடைசி வரிசையில் மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் பையன், கன்னம் உப்பாமல், நீண்ட கீழ் ஸ்வரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மெட்டு முழுக்க முதல் வரிசையில். அவன் மூச்சு வாங்க நிறுத்திய அந்த நொடியில் மேலே இருந்தவர்களின் சுருதி ஆடியது. பேண்ட் இசையமைப்பாளர் பிரான்சிஸ் மக்பெத் 1972இல் எழுதிய நூலில் இதைத்தான் பிரமிடாக விளக்கினார்: கீழ்க்குரல்கள் வலுவாகவும் மேலே போகப் போக மெலிந்தும் ஒலிக்க வேண்டும். தேர்ந்தவர்களை எல்லாம் முதல் பகுதியில் குவித்தால் பிரமிடு தலைகீழாகிவிடும்.

ஆகவே ஆடிஷன் இருக்கட்டும், திரையும் இருக்கட்டும். அதில் முதலாவதாக வந்த பிள்ளை முதல் பகுதியை நடத்தட்டும். இரண்டாவதாக வந்த பிள்ளை மூன்றாம் பகுதியை நடத்தட்டும். அப்படிச் செய்யும் ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். தடையாக நிற்பது பெரும்பாலும் பெற்றோர்களாகிய நாம். வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் எத்தனையாவது நாற்காலி என்று கேட்காதீர்கள். எந்தப் பகுதி என்று கேளுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லி, முடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.