மொட்டைக் கோபுரம்

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றவர்கள், பல நூற்றாண்டுகளாக முடிவு பெறாது நின்ற கோபுரமொன்றைக் கண்டனர். மொட்டைக் கோபுரம் என்றே அதற்குப் பெயர். அடித்தளம் இருந்தது, அகன்ற வாயில் இருந்தது, மேலே வெறும் வானம்! 1987இல்தான் பதின்மூன்று நிலைகளும் எழுந்து, 236 அடி உயர்ந்து நின்றது.

சட்டமன்றம், நிர்வாகத்துறை, நீதித்துறை என மூன்றையும் வகுப்பிலே நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்தான். "ஐயா, சட்டம் செய்தாகிவிட்டது, நிறைவேற்ற வேண்டியவர் வாளாவிருந்தால், அந்தச் சட்டம் இருக்கிறதா, இல்லையா?" பாடநூலில் விடையில்லை. நம் நினைவுக்கு வந்ததோ அந்தக் கோபுரம்!

பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். கலைஞர் அரசு 1970 டிசம்பரில், பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயலே என்று 1972இல் உச்சநீதிமன்றமும் ஒப்பியது. ஆனால் ஆகமத்தை மீறலாகாது என்றது. அந்த 'ஆனால்' விழுங்கிய ஆண்டுகள் எத்தனை! அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் எனும் ஆணை 2006இல்தான் பிறந்தது. ஆறு பயிற்சிப் பள்ளிகள் தோன்றின; ஒன்று திருவரங்கத்திலேயே! இருநூறுக்கு மேற்பட்டோர் பயின்றனர். உடனே வழக்கு, தடை. தீர்ப்பு வந்தது 2015இல். 2018இல் மதுரையில் ஒருவர், 2021 ஆகஸ்ட் 14 அன்று இருபத்துநால்வர் பணி ஆணை பெற்றனர்.

கல்லைத் தொழாத உமக்குக் கருவறையில் என்ன வேலை என்பர் சிலர். தொழுவது யார் என்பதல்ல நம் கேள்வி. பிறப்பைக் காட்டி ஒருவனை வாயிலில் நிறுத்தும் உரிமை எவர் தந்தது என்பதே.

நீதிமன்றத் தடை நின்ற ஆண்டுகளை நிர்வாகத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையன்று. தீர்ப்புக்குப் பணியாத அதிகாரி, இன்று நமக்கு இனிப்பான். நாளை நம் குரல்வளையையே நெரிப்பான். ஆனால் 1972க்கும் 2006க்கும் இடையே நின்ற தடை எது? 2015க்குப் பின்னும் ஐந்தாண்டுக்கு மேல் காத்திருந்தது ஏன்?

அதிகாரி மறுத்து எழுதினால் மேல்முறையீடு உண்டு. கோப்பைத் தூங்கவிட்டால்? ஆணையிடச் சொல்லி நீதிமன்றத்தை நாடலாம், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமிருப்பவன்! செய்த தீமைக்குக் கையொப்பம் இருக்கிறது; செய்யாமைக்கு இல்லை. அதனால்தான் செய்யாமை துணிவு பெறுகிறது. அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசியல் சட்டம். எனவே அதிகாரியின் உறக்கம் அமைச்சரின் உறக்கம். கேளாத உறுப்பினரின் உறக்கம். அவரை அனுப்பிவிட்டு மறந்த நம் உறக்கமுந்தான்.

விரைவும் போதாது. திருச்சியை அடுத்த குமாரவயலூரில் 2021இல் அமர்த்தப்பட்ட இருவரின் நியமனத்தை 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீக்கியது. காரணம் ஆகமம்! கையொப்பமிட்டதோடு கடமை தீர்ந்ததென எண்ணாமல், ஒவ்வோர் ஆணையையும் வழக்குமன்றத்தில் நிற்கும்படி ஆக்குவதும் நிர்வாகத்தின் வேலையே.

அதே 2023 செப்டம்பரில், திருவரங்கப் பள்ளியில் பெண்கள் மூவர் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றனர். செய்தியை வகுப்பில் படித்தோம். அந்த மாணவன் மீண்டும் எழுந்தான்: "பணி ஆணை எப்போது, ஐயா?"