வடியும் நீர்

2018 பெப்ரவரித் தொடக்கத்தில், செய்ன் ஆறு பெருகி நின்றபோது, பாரிஸில் ஒரு படகுவீட்டில் ஓரிரவு தங்கினேன். படகுக்காரி தனியாக வாழும் முதியவர், வேலையிடத்தில் பழக்கம். துறை முழுகிக் கிடந்ததால் சிறு தோணியில் போய்த்தான் ஏற முடிந்தது. மின்சாரமும் இல்லை. இரவெல்லாம் அவர் எழுந்து எழுந்து, கைவிளக்கோடு வெளியே போய், ஒரு கழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கழி இன்றும் என் மனதைக் குடைகிறது.

படகைக் கரையோடு பிடித்திருப்பது கயிறு. கழி செய்வது நேர்மாறான வேலை: கரைக்கும் படகுக்கும் நடுவே நின்று, படகைத் தள்ளியே வைக்கிறது.

"மகள் வீட்டுக்குப் போகலாமே" என்றேன்.

"நீர் ஏறும்போது போயிருக்கலாம். இப்போது வடிகிறது. இப்போது போகக்கூடாது."

அவருடையது 38 மீட்டருக்கு மேல் நீளமான பழைய சரக்குப் படகு, இரும்பால் ஆனது. துறை முழுகியதும் படகு கல்தளத்தைவிட உயர்ந்து மிதக்கும். கழி நழுவினால் படகு சத்தமில்லாமல் அந்தத் தளத்தின்மேல் ஒதுங்கிவிடும். அப்போது எதுவும் ஆகாது. நீர் இறங்கும்போதுதான் ஒரு பக்கம் கல்லில் தங்க, மறுபக்கம் நீரோடு தாழ்ந்து, படகு சரியும்.

நகரமோ ஏறும் நீரைத்தான் அளக்கும். அல்மா பாலத்துச் சிப்பாய் சிலைக்கு நீர் எதுவரை வந்தது என்று பார்ப்பார்கள். 1910-இல் தோள்வரை, ஆற்றின் உயரம் 8.62 மீட்டர். 2018-இல் சுமார் 5.85. அது குறையத் தொடங்கியதும் ஊர் பெருமூச்சு விட்டது. அவர் தூக்கத்தை விட்டார்.

எனக்கு ஆறு பழக்கமில்லை. மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிணறுதான். மாரியில் நீர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். கயிறு கிணற்றுக்கட்டில் சுருண்டு கிடக்கும். மழை விட்டு, நீர் கீழே போகப் போகத்தான் அம்மம்மா கயிற்றை எடுத்து இழை இழையாகப் பார்ப்பார்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டில் ஆற்றோடு போகும் ஒரு புணை வரும். பள்ளியில் படித்தது, அரைகுறையாகவே நினைவிருக்கிறது. ஆனால் அது எதிலும் கட்டப்படாத புணை. போகிற போக்கில் போகட்டும் என்று அதை விடலாம். கட்டிய படகை அப்படி விட முடியுமா?

போர் உக்கிரமாக இருந்த காலத்தில் எங்கள் உறவுகள் ஒருவரையொருவர் கெட்டியாகப் பிடித்திருந்தன. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தோம். ஒருவர் சம்பளத்தில் நாலு வீடு சாப்பிட்டது. 2009-இல் போர் முடிந்த பிறகுதான் காணிக்காகவும், யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்பதற்காகவும் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தினார்கள். ஆபத்து ஏறியபோது விழித்திருந்தவர்கள், வடியும்போது அயர்ந்துவிட்டோம் போலும்.

கயிறு இறுகியதா, கழி இல்லாமல் போனதா? நெருக்கம் கூடியதால் உடைந்ததா, கவனம் குறைந்ததாலா? யோசிக்கும்போதெல்லாம் விடை மாறுகிறது. உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பெருந்துன்பம் இப்போதுதான் தணிந்திருக்கிறது என்றால், இன்னும் கொஞ்ச நாள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருங்கள்.