இடைவெளி இல்லாத நாள்



தியானப் பகுதி: மாற்கு 5:21-43.

அமெரிக்காவில் அட்லாண்டா, சிகாகோ போன்ற பெரிய விமான நிலையங்களில் எப்படி நேரம் குறிக்கிறார்கள் தெரியுமா? நாலா திசையிலிருந்தும் விமானங்கள் கூட்டமாய் வந்து இறங்கும். ஜனங்கள் ஓடி மாறி ஏறுவார்கள். மறுபடியும் கூட்டமாய்க் கிளம்பும். ஜெர்மனியிலுள்ள பிராங்பர்ட்டில் விமானம் மாற 45 நிமிஷம் போதும் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் இறங்கி, நடந்து, சோதனை முடித்துப் போய்ச் சேர வேண்டும். புறப்படும் நேரத்துக்கு முன்பே கதவை அடைத்துவிடுவார்கள்!

காகிதத்தில் எல்லாம் சரிதான். ஒரு மூடுபனி, ஒரு இடிமழை வந்தால் போச்சு! ஒரே விமானம் ஒரே நாளில் பல ஊருக்குப் பறப்பதால், காலையில் தவறின அரைமணி சாயங்காலம் வரைக்கும் துரத்தும். அமெரிக்க அரசின் கணக்கிலோ, 15 நிமிஷத்துக்குள் பிந்தி வந்தாலும் அது சரியான நேரமே. கணக்கில் தாமதமில்லை, பயணி மட்டும் அடைத்த கதவுக்கு வெளியே நிற்கிறான்.

ஊழியப் பயணத்தில் ஒரு நிலையத்தில் காத்திருந்தபோது கண்டேன். ஒரு வயதான அம்மா கையில் சீட்டோடு வழி தெரியாமல் திகைத்து நின்றார்கள். ஓடினவர்களில் ஒருவரும் நிற்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நிற்பதற்கு அவர்களிடம் நேரமில்லை, அவ்வளவுதான். நான் எழுந்துபோய் அந்த அம்மாவுக்கு வழிகாட்டினேன்; எனக்கு நேரமிருந்தது.

யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். ஒவ்வொரு நிமிஷமும் விலையேறப்பெற்றது. அந்த வழியில்தான் 12 வருஷம் பெரும்பாடுபட்ட ஸ்திரீ வருகிறாள். ஆண்டவர் நின்றார்! அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். யவீருவின் உள்ளம் எப்படித் துடித்திருக்கும்! அதற்குள் மரணச் செய்தியும் வந்துவிட்டது. மனுஷக் கணக்கில் எல்லாம் முடிந்தது. நம்முடைய ஆண்டவர் பிந்தினாரா? இல்லை! 12 வருஷ வியாதியும் நீங்கிற்று, 12 வயதுப் பிள்ளையும் எழுந்தாள். அல்லேலூயா!

தேவபிள்ளையே, உன் நாள் எப்படி இருக்கிறது? எழுந்தது முதல் படுக்கும்வரை இடைவெளியே இல்லாமல் அடுக்கி வைத்திருக்கிறாயே! ஒரு வேலை பிந்தினால் முதலில் வெட்டுப்படுவது எது? குடும்ப ஜெபந்தானே? பக்கத்து வீட்டுச் சகோதரி கண்ணீரோடு வந்தால், "அப்புறம் பேசலாம்மா" என்கிறாயே!

ஊழியக்காரருக்கும் சொல்லுகிறேன். ஒரே ஞாயிறு மாலையில் மூன்று கூட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதிருங்கள். வரமுடியாதென்று தெரிந்தே கொடுக்கிற வாக்கு, மத்தேயு 5:37-ன்படி நம்மைக் குற்றப்படுத்தும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வேலைகளில் ஒன்றைக் குறையுங்கள். அந்த நேரத்தை வேறு வேலையால் நிரப்பாமல் கர்த்தருக்கென்று விட்டுவையுங்கள். காலை அவருடையதானால் மாலையும் காக்கப்படும். அந்த இடைவெளியில் யாரை அனுப்புவார் என்று அவருக்குத் தெரியும்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.