விழிப்பின்மையும் இம்சையாகுமா?

நிலநடுக்கத்தில் ஓர் உயிர் மடிந்தால் அந்த இம்சை யாரைச் சாரும்? 2001 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு புதுவைக்கு அருகே கடலடியில் எழுந்த நடுக்கம் நம் கடலூர் மாவட்டத்திலும் உணரப்பட்டது. அன்று முதல் இவ்வினா நம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. நிலம் ஓரறிவுயிரே ஆயினும் கொல்லும் எண்ணம் அதற்கில்லை. ஆகவே பழி எவரையும் சாராது என்பது எளிய விடை.

"அவரவர் வினை" என்று சொல்லி அமைவோரும் நம்முள் உளர். அசாதா வேதனீய வினை பயன் தரும்போது துன்பம் விளையும் என்பது நம் கொள்கையே. ஆயினும் தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்கே ஆசிரியர்கள் அதனை அருளினர்; பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்கன்று. நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்றாக அனுகம்பையை வைத்தோர் வினைக்கொள்கையை அறியாதவரா?

1993 செப்டம்பர் 30 விடியற்காலை மராட்டிய மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள் குலுங்கின. நடுக்கத்தின் அளவு 6-ஐச் சற்றே கடந்தது. கில்லாரியிலும் சுற்றூர்களிலும் 7,900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செதுக்காத கற்களை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள். வெயிலைத் தடுக்க மரக்கூரையின்மேல் கனமாகப் பரப்பிய மண். விநாயகர் விழா முடித்து உறங்கியோர்மீது அவை சரிந்தன. அப்பகுதிக்கு நடுக்க அச்சம் மிகக் குறைவு என்றே அன்றைய வரைபடம் காட்டியது. 2002இல் அது திருத்தப்பட்டபோது நம் சென்னையும் ஒரு படி மேலேற்றப்பட்டது. கொன்றது நிலமா, சுவரா? கட்டியவனைப் பழிக்க மனம் வரவில்லை, அவன் அறியான். அறிந்த பின்னும் வாளாவிருக்கும் நம் நிலை வேறு.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதத்தை முன்வைக்கிறது. (பேச்சில் நாம் "பிரமாதம்" என்று பாராட்டுகிறோம், சாத்திரத்தில் அதன் பொருள் விழிப்பின்மை.) நடப்பதிலும், ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் முனிவர்க்குச் சமிதி விதித்தது அதனாலேயே. எறும்பு மிதிபடாமல் அடிவைக்கும் மரபினராகிய நாம், உறங்கும் குழந்தையின் தலைக்கு மேலுள்ள பரணில் பித்தளை அண்டாக்களை அடுக்கி வைத்திருக்கிறோம்.

2001 சனவரி 26 அன்று கட்ச் நடுங்கியபோது பத்ரேசுவர் ஜினாலயம் சிதைந்தது; பூஜ் நகரின் அரசு மருத்துவமனையும் இடிந்து வீழ்ந்தது. மருந்து தானம் மிகவும் வேண்டப்பட்ட நாளில் மருந்து தரும் இடமே இல்லாதாயிற்று. 2004இல் அங்குத் திறக்கப்பட்ட புதிய மருத்துவமனை, நடுக்கத்தின் வேகத்தைத் தணிக்க அடித்தளத்தில் ஈயமும் ரப்பரும் கொண்ட தாங்கிகள் பொருத்திக் கட்டப்பட்டது. நம் முன்னோர் ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர். லாத்தூர் நடுக்கத்தால் பாதிக்கப்பட்ட சிறுவர் 1,200 பேரைப் பாரதீய ஜைன சங்கட்டனா புனேவுக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டியது. அது சாத்திர தானம். நிலம் அசைந்தாலும் நோயாளி அஞ்சாது படுத்திருக்கத்தக்க கட்டடம் அபயதானம் அன்றோ? மற்ற மூன்றையும் பெறுவோர் நன்றி கூறுவர். அபயதானம் பலித்தாலோ எதுவுமே நிகழாது. கல்வெட்டில் பெயரும் ஏறாது. நாம் அதில் பின்தங்கியிருப்பதற்கு இதுவே காரணமோ என ஐயுறுகிறோம்.

முத்தாண்டிக்குப்பத்தார்க்கு நடுக்கத்தினும் புயலே அணிமையான அச்சம். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய 'தானே' புயலில் பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வீழ்ந்தன. மின்சாரமின்றி மோட்டார் ஓடாது; மோட்டார் ஓடாவிடில் குடிநீர் இல்லை. நிலநடுக்கத்தின் பின்னும் இந்நிலையே. இறந்தோர் உடல்களால் கொள்ளைநோய் பரவும் எனப் பலர் அஞ்சுவர். உண்மையில் தூய்மையற்ற நீரும் நெரிசலான தங்குமிடங்களுமே பெருங்காரணம். நீரை வடிகட்டிக் காய்ச்சி அருந்தும் நம் இல்லத்தரசியர் இதனை அண்டை வீட்டார்க்குக் கற்பிக்க வல்லவர்.

இடிபாட்டில் சிக்கியோரை முதல் சில மணி நேரத்தில் மீட்போர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரே. தனித்து வாழும் முதியோர் எவர், படுக்கையில் கிடக்கும் நோயாளி எவ்வீட்டில், நாள்தோறும் மருந்து வேண்டுவோர் எவர் என்னும் பட்டியல் ஊர்தோறும் இருத்தல் வேண்டும். மகாவீர் ஜயந்தி அன்று அன்னதானத்துக்கு முன் ஒரு மணி நேரத்தை முதலுதவிப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். முதுகெலும்பு முறிந்தவரைத் தோளிலும் காலிலும் பற்றித் தூக்குவோர் இரக்கத்தால்தான் தூக்குகின்றனர். அத்தூக்கலே அவரை வாழ்நாள் முழுதும் நடக்கவொட்டாமல் செய்துவிடக்கூடும். தலையும் கழுத்தும் அசையாமல் பலகையில் கிடத்தித் தூக்க, தெருவுக்கு நால்வர் பழகியிருந்தால் போதும்.