நீர்மட்டத்துக் குறிப்புகள்

மொகோரோவில் உட்கார்ந்தால் கண் நீருக்கு மேல் இரண்டு முழ உயரத்தில்தான் இருக்கும். போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ வடிநிலத்தில் நெடுங்காலமாக ஓடும் ஒடுங்கிய தோணி அது. ஓடக்காரர் பின்முனையில் நின்று நீண்ட கோலை ஊன்றித் தள்ளுகிறார். எஞ்சின் கிடையாது.

சஃபாரி ஜீப்பின் உயர்ந்த இருக்கையில் கண் தானாகத் தொலைவுக்குப் போகும், சிங்கத்தைத் தேடும். இங்கே தொலைவைக் கோரை மறைத்துவிடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அல்லி, தண்டைப் பற்றியிருக்கும் விரல்நுனி அளவுத் தவளை, இலைமேல் நடக்கும் இலைக்கோழி. மனம் முதலில் ஏமாற்றமடைகிறது. பிறகு சிங்கத்தைக் கேட்பதை நிறுத்துகிறது. அதற்குப் பிறகே பார்க்கத் தொடங்குகிறது.

*

தோணியைத் தாங்கும் நீரில் பெரும்பகுதி அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை. குபாங்கோ, குயிட்டோ ஆறுகள் அதைச் சேர்த்து, நமீபியா வழியே இங்கே கொண்டுவருகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே பெய்தது, வடிநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மாவுன் ஊரை எட்ட ஜூன், ஜூலை ஆகிவிடும். இங்கே அது மழையே இல்லாத குளிர்காலம். சுற்றிலும் கலஹாரி காய்ந்து கிடக்கிற நேரத்தில் வெள்ளம் வந்து சேர்கிறது. நிலம் ஏறக்குறைய தட்டை என்பதால், வெள்ளம் என்று சொன்னாலும் ஊர்ந்துதான் வருகிறது.

இந்த ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேர்வதில்லை. வந்த நீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெயிலும் செடிகொடிகளும் வாங்கிக்கொள்கின்றன. எங்கும் போய்ச் சேராத ஆறு என்று அதற்காக இரங்கத் தேவையில்லை. யானையும் லெச்வே மானும் மீன்பிடிக் கழுகும் இருக்கும் இடத்துக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது.

*

ஒரு கேள்வி நாள்முழுக்க உடன் வந்தது. இவ்வளவு நீர் ஆவியானால் உப்பு தங்கவேண்டுமே, இந்த நீர் எப்படி நன்னீராக இருக்கிறது?

விடை தீவுகளில் இருக்கிறது. பல தீவுகள் கறையான் புற்றாகத் தொடங்கியவை. வெள்ளத்துக்கு மேலே நின்ற புற்றில் பறவைகள் அமர்ந்தன. அவற்றின் எச்சத்தில் விதைகள் விழுந்தன. அத்தியும் பிற மரங்களும் எழுந்தன. யானை தின்ற பனம்பழத்தின் கொட்டையும் சாணத்தோடு வந்து முளைத்தது. அந்த மரங்கள் நிலத்தடி நீரை இழுக்க இழுக்க, அதிலிருந்த உப்பு தீவின் நடுப்பகுதிக்குக் கீழே சேர்ந்துகொண்டே போகிறது. சில தீவுகளின் நடுவில் மரமே இல்லை. வெண்மை பூத்த வெறும் தரை. அந்தத் தரை கசப்பை ஏற்றுக்கொண்டதால்தான் சுற்றியுள்ள நீர் குடிக்கும்படி இருக்கிறது.

அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கால்தடங்கள் குறைவு. படமெடுக்க எதுவும் இல்லை. இந்த வடிநிலத்தில் நான் வணங்கத்தக்கதாக உணர்ந்த இடம் அதுதான்.

*

நீர்யானை ஒன்று முன்னால் தலையை உயர்த்தியது. ஓடக்காரர் தோணியை ஆழமற்ற ஓரத்துக்கு ஒதுக்கி, கோலை ஊன்றி நிறுத்தினார். பேச்சில்லை. அது மூழ்கி நகரும்வரை காத்திருந்தோம். நீர்யானைகள் இரவில் மேயப் போய்வரும் தடங்கள்தான் கோரைக்கிடையே வாய்க்கால்களைத் திறந்து வைக்கின்றன. அவை போட்ட வழியில் நாம் போகிறோம், காத்திருப்பது முறைதான்.

*

தோணிக்கலையை இங்கே கொண்டுவந்தவர்கள் வடக்கிலிருந்து வந்த பாயெய் மக்கள். முன்பு ஒரு பெரிய மரத்தைக் குடைந்தே ஒரு மொகோரோ செய்தார்கள். இன்று பயணிகளை ஏற்றுபவை பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அதனால் மரங்கள் பிழைத்திருக்கின்றன. கோல் ஊன்றும் கை அதே கைதான்.

1963இல், வேட்டையால் விலங்குகள் அருகிவருவதைக் கண்ட இப்பகுதியின் பட்டவானா மக்கள், புலானே மொரெமி என்ற பெண்மணி ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, தங்கள் வேட்டை நிலத்தின் ஒரு பகுதியைக் காப்பகமாக ஒதுக்கினார்கள். அதுவே மொரெமி காப்பகம். அதன் எல்லைக்குள் வாழ்ந்த சான் மக்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. காப்பாற்றப்பட்ட அழகைப் பார்க்கும்போது, அதற்காக நகர்ந்தவர்களையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

*

2014இல் ஒக்கவாங்கோ, உலகப் பாரம்பரியப் பட்டியலின் 1,000ஆவது இடமாகச் சேர்ந்தது. அந்தப் பாரம்பரிய இடத்தின் எல்லைக்கோடு போட்ஸ்வானாவுக்குள் முடிந்துவிடுகிறது. நீர் பிறக்கும் மேட்டுநிலம் அதற்கு வெளியே, அங்கோலாவில் இருக்கிறது. அங்கே ஓர் அணையோ பெரும்பாசனமோ வந்தால், இங்கே அல்லிக்கும் ஆபத்து, தவளைக்கும் ஆபத்து. அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றும் 1994இலேயே இந்த ஆற்றுக்காகக் கூட்டு ஆணையம் அமைத்தன. அது வலுவாக இருக்கவேண்டும்.

இங்கே வருபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு நாளையாவது மொகோரோவுக்குக் கொடுங்கள். உள்ளூர் மக்களே நடத்தும் அமைப்பின் வழியாக ஓடக்காரரை அமர்த்துங்கள். சிங்கத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.