நினைவில்லை என்றான் அரசன்

மகனைக் கையில் பிடித்துக்கொண்டு சகுந்தலை சபைக்கு வந்து நின்றபோது துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருந்தது. கண்வரின் ஆசிரமமும், உன் பிள்ளைக்குத்தான் பட்டம் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கும் நினைவிருந்தன. இருந்தும் நினைவில்லை என்றான். மகாபாரதம் இதைப் பூசி மெழுகவில்லை. அசரீரி வந்து உண்மையைச் சொன்ன பிறகு, ஊர் சந்தேகப்படக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன் என்று அரசனே ஒப்புக்கொள்கிறான்.

அதே கதையை நாடகமாக்க எடுத்த காளிதாசனுக்கு இந்த அரசன் தோதுப்படவில்லை. காதல் நாடகத்தின் நாயகன் சபையில் பொய் சொல்லலாமா? எனவே துர்வாச முனிவரை ஆசிரம வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வந்தவரை சகுந்தலை கவனிக்கவில்லை. யாரை நினைத்து உட்கார்ந்திருந்தாளோ அவன் அவளை மறப்பான் என்று சாபம் விழுந்தது. அடையாளப் பொருளைக் கண்டால் நினைவு திரும்பும் என்று பரிகாரமும் கிடைத்தது. மோதிரம் தண்ணீரில் நழுவியது, மீன் விழுங்கியது, செம்படவன் கைக்கு வந்தது. அரசன் உத்தமனாகிவிட்டான். மறந்தவன் மேல் குற்றமில்லை. வாசலுக்கு வந்தவரைக் கவனிக்காமல் போனவள்தான் காரணம் என்று கணக்கு நேரானது.

பின்னால் சினிமா பிறந்தபோது இந்த வழக்கறிஞர் வேலைக்கு முனிவர் தேவைப்படவில்லை. ஒரு கார் போதுமானதாக இருந்தது.

1942இல் ஹாலிவுட்டில் ‘ராண்டம் ஹார்வெஸ்ட்’ வந்தது. ஜேம்ஸ் ஹில்டனின் நாவலைப் படமாக்கியவர் மெர்வின் லெராய். முதல் உலகப் போரில் பேரும் ஊரும் மறந்துபோன ஒரு சிப்பாய், போர் முடிந்த இரவின் ஆரவாரத்தில் மனநோய் விடுதியிலிருந்து வெளியே நடக்கிறான். மேடைப் பாடகி பாலா அவனுக்கு இடம் கொடுக்கிறாள். கல்யாணம், சிறிய வீடு, கைக்குழந்தை. வேலை விஷயமாக லிவர்பூல் போகிறவன் தெருவில் டாக்ஸியில் அடிபடுகிறான். பழைய பெயரும் பணக்காரக் குடும்பமும் நினைவுக்கு வருகின்றன. இடையில் பாலாவோடு வாழ்ந்த காலம் அழிந்துபோகிறது. பையில் ஒரு சாவி மட்டும் இருக்கிறது. எந்தக் கதவுக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை.

பாலா என்ன செய்கிறாள்? சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு அவனுக்கே காரியதரிசியாகப் போகிறாள். எதிரே உட்கார்ந்து கடிதங்களைக் குறித்துக்கொள்ளும் பெண் தன் மனைவி என்று அவனுக்குத் தெரியாது. குழந்தை இறந்துவிட்டது; அதையும் அவள் சொல்ல முடியாது. பத்து வருடங்களுக்கு மேல் கழித்து அந்தச் சாவி அந்தக் கதவைத் திறக்கும்போது அரங்கு கைக்குட்டையைத் தேடுகிறது. படம் அங்கே முடிகிறது. அவள் தட்டச்சு செய்த வருடங்களுக்கு யார் கணக்குச் சொல்வது என்று யாரும் கேட்பதில்லை. மோதிரம் சாவியானதைத் தவிர காளிதாசன் காலத்திலிருந்து ஏற்பாட்டில் பெரிய மாற்றமில்லை.

இந்தக் கதை நம் ஊருக்கும் வந்தது. 1956இல் ஸ்ரீதர் எழுத, பிரகாஷ் ராவ் இயக்கத்தில் ‘அமரதீபம்’ ஆனது. நினைவிழந்த சிவாஜி ஒரு பக்கம் சாவித்திரியையும் மறுபக்கம் பத்மினியையும் அழவைத்தார். மறு வருடமே வங்காளத்தில் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் நடித்த ‘ஹாரானோ சுர்’ வந்தது. பிறகு படத்துக்குப் படம், சீரியலுக்கு சீரியல், விதிமுறை கெட்டிப்பட்டுவிட்டது. மாடிப்படியில் உருண்டால் நினைவு போகும். பெயர், கல்யாணம், கடன் எல்லாம் மறக்கும். ஆனால் பேசத் தெரியும், புடவை கட்டத் தெரியும், தேவைப்பட்டால் சண்டை போடவும் தெரியும். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “பழசை ஞாபகப்படுத்தி அவங்களுக்கு ஷாக் கொடுத்துடாதீங்க” என்பார். நெடுந்தொடர் ஒன்றை இன்னும் இருநூறு நாள் இழுக்க அந்த ஒரு வாக்கியம் போதும். கடைசியில் இரண்டாவது அடி விழும், எல்லாம் திரும்பிவிடும்.

உண்மையில் மூளை இந்த விதிமுறையைப் படித்ததில்லை. பிரிட்டனைச் சேர்ந்த நரம்பு உளவியலாளர் சாலி பாக்சன்டேல் 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மறதியைக் கதையாக்கிய படங்களை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தார். பெரும்பாலானவற்றுக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் பாராட்டிய மிகச் சில பாத்திரங்களில் ஒன்று ‘ஃபைண்டிங் நீமோ’வில் வரும் டோரி என்ற மீன். மோதிரத்தை விழுங்கிய இனத்துக்கு நியாயம் செய்ய இத்தனை காலம் ஆயிருக்கிறது.

நிஜமான மறதி எப்படி இருக்கும் என்பதை உலகுக்குச் சொன்னவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். சினிமா சொல்வதற்கு நேர்மாறாக நடந்தது. தன் பெயர் அவருக்கு மறக்கவில்லை, பிள்ளைப் பிராயமும் மறக்கவில்லை. அன்றிலிருந்து புதிதாக எதுவும் தங்கவில்லை. பல வருடம் அவரைப் பரிசோதித்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது ஆள்தான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார் மில்னர். நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்தது மட்டும் நினைவில்லை. 2008இல், 82 வயதில் இறந்தார். 55 வருடங்களில் எந்த அடியும் எந்த மோதிரமும் எதையும் மீட்டுத் தரவில்லை.

இந்த வகை மறதியை வைத்து கிறிஸ்டோபர் நோலன் 2000இல் ‘மெமென்டோ’ எடுத்தார். மனைவியைக் கொன்றவனைத் தேடும் லெனார்டுக்குப் புது நினைவு நிற்பதில்லை. உடம்பில் பச்சை குத்தி வைத்துக்கொள்கிறான். நோலனின் துணிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. சற்றுப் பொறுத்தால் தனக்கு மறந்துவிடும் என்று தெரிந்தே, வேண்டாத ஒருவனின் கார் எண்ணைக் கொலைகாரனுடையதாக எழுதி வைக்கிறான் லெனார்டு. நாளைய தன்னிடம் இன்றைய தான் பொய் சொல்கிறான். வியாசரின் துஷ்யந்தன் திரும்பி வந்துவிட்டான்.

2005இல் அந்தப் பச்சை குத்தல் தமிழில் ‘கஜினி’ ஆனது. பதினைந்து நிமிட நினைவும் புகைப்படங்களும் இருந்தன. அந்தப் பொய் மட்டும் விடுபட்டது. முருகதாஸின் சஞ்சய் ராமசாமி களங்கமில்லாத காதலன். அவன் கொல்ல வேண்டியவர்களைத்தான் கொல்கிறான். குறையாகச் சொல்லவில்லை. படம் ஓடியது, அவன் காதலி கல்பனாவுக்காக நானும் கண் கலங்கினேன். நாயகன் சபையில் பொய் சொல்லக் கூடாது என்ற காளிதாசன் காலத்துக் கவலை நமக்கு இன்னும் தீரவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மறந்தவரை விட்டுவிட்டு, மறக்கப்பட்டவர் பக்கம் கேமராவைத் திருப்பி நிறுத்தியவர் பாலு மகேந்திரா. ‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்தது. விபத்தில் நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட பெண்ணை விலைமாதர் விடுதியிலிருந்து மீட்டு மலையூருக்கு அழைத்துப் போய் வளர்க்கிறான் பள்ளி வாத்தியார் சீனு. வைத்தியம் பலிக்கிறது. அவளுக்குப் பழைய வாழ்வு திரும்புகிறது, பெற்றோர் வந்துவிடுகிறார்கள். வேறு எந்தப் படத்திலும் இது சுபம் போடும் இடம். இங்கே மழை பெய்கிறது, ரயில் புறப்படக் காத்திருக்கிறது, அடிபட்ட காலோடு சேற்றில் ஓடிவந்த சீனு ஜன்னலுக்கு வெளியே குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறான், அவளைச் சிரிக்க வைத்த அதே ஆட்டம். ஏதோ பைத்தியம், பசி போலிருக்கிறது என்று அவள் இரக்கப்படுகிறாள். அந்த இரக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. சாபமில்லை, வில்லனில்லை, குற்றம் சுமத்த ஆளே இல்லை. நினைவு வைத்திருப்பவன் தனியாக நிற்கிறான்.

இந்த ஸ்டேஷனை நான் எங்கள் குடும்பத்தில் பார்த்தேன்.

பெரியம்மாவுக்கு மறதி நோய் வந்து நாலாவது வருடம். உறவில் யார் வீட்டுக்கு வந்தாலும் கட்டிலுக்கு அருகே குனிந்து ஒரே கேள்விதான்: “என்னைத் தெரியுதா பெரியம்மா? யாருன்னு சொல்லுங்க பாப்போம்.” நானும் கேட்டிருக்கிறேன். பெரியம்மா முகத்தில் ஒரு பதற்றம் ஓடி மறையும். பிறகு சமாளித்துக்கொண்டு, “தெரியாம என்ன, சாப்பிட்டியா?” என்பார். யாரென்று தெரியாத எல்லோரையும் அந்த ஒரு கேள்வியால் உபசரித்தார். மொலைசனின் கை நட்சத்திரத்தை மறக்காதது போல, பெரியம்மாவின் நாக்கு பந்தியை மறக்கவில்லை.

கூடவே இருந்து பார்த்துக்கொண்டது அக்கா, அவர் மகள். ஒரு மத்தியானம் மாத்திரை கொடுக்கும்போது பெரியம்மா அவள் கையைப் பிடித்து, “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா? இவ்வளவு செய்யுறியே” என்று கேட்டார். அக்கா, “பக்கத்து வீடுதாம்மா, வாயைத் திறங்க” என்றாள். குரலில் மாற்றமில்லை. பாலா எதிரே உட்கார்ந்து கடிதம் குறித்துக்கொண்ட காட்சி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

2023இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அத்தனை கட்டில்களுக்குப் பக்கத்திலும் ஒரு மகளோ மருமகளோ கணவனோ இருப்பார். சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த ஆசையோடுதான் நாம் அந்த அறைக்குள் நுழைகிறோம்: என் முகம்தான் அந்த மோதிரம், என்னைப் பார்த்ததும் எல்லாம் திரும்பிவிடும் என்று. திரும்பாது. அந்தக் கேள்வி அவருக்கு ஒரு பரீட்சை. தினமும் அதில் தோற்க வைக்கிறோம்.

அடுத்த முறை போகும்போது தெரிகிறதா என்று கேட்காதீர்கள். “உங்க தம்பி மகன் வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டால் பதில் சொல்லுங்கள், எத்தனை முறை கேட்டாலும். கிளம்புவதற்கு முன் அடுக்களைக்குப் போய், அங்கே தட்டு கழுவிக்கொண்டிருப்பவரிடம் அதே கேள்வியை நீங்கள் கேளுங்கள். அவரிடம் அதைக் கேட்டு வெகு நாளாகியிருக்கும்.