பந்தும் பழியும்

"போடா வெளியே!"

ஐந்தாவது கோல் விழுந்தபோது, திடலின் ஓரத்திலிருந்து எழுந்த குரல் அது. கோல் காவலனை நோக்கி வீசப்பட்ட குரல். முரடன் ஒருவனின் குரல் அன்று. குடித்துவிட்டு வந்தவனின் குரலும் அன்று. பட்டம் பெற்றவன், பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பண்பு போதிப்பவன், பகுத்தறிவு பேசுபவன் — அவனுடைய குரல். ஆம் தோழர்களே, அது என்னுடைய குரல்தான்!

நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணி அன்று தோற்றது. ஒரு கோல், இரண்டு கோல் அல்ல, ஆறு! நம்மவர் திருப்பித் தந்ததோ ஒன்றுமில்லை. தொண்டை வறளக் கத்தினோம்; கை சிவக்கத் தட்டினோம்; முடிவில் தலை குனிந்து நடந்தோம்.

மாலையில் போடிநாயக்கனூரில் குரங்கணிப் பேருந்தில் ஏறினேன். முந்தலைத் தாண்டி மலையை நோக்கி வண்டி ஊர்ந்தது. வண்டி முழுதும் தோல்விப் பேச்சு. ஒருவன் சொன்னான்: "இன்றைக்குச் சந்திராஷ்டமம், அப்போதே நினைத்தேன்." மற்றொருவன் சொன்னான்: "எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும்." மூன்றாமவன் குரலைத் தாழ்த்தினான், தாழ்த்தியும் எல்லோர்க்கும் கேட்டது: "கண்டவனையெல்லாம் கோலுக்கு நிறுத்தினால் இப்படித்தான்!"

கண்டவன்! அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பதை வண்டியில் இருந்த அனைவரும் அறிவர். கோல் காவலன் பிறந்த தெரு எது என்பதையும் அறிவர். அவனோ கடைசி இருக்கையில், சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி அமர்ந்திருந்தான். சந்திராஷ்டமத்தைக் கேட்டு நகைத்த நான், இதைக் கேட்டு வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன்? திடலிலே அவனை வெளியே போகச் சொன்னவனே நான்தானே!

அன்றிரவு முதல் என்னை அரித்துவரும் கேள்வி இது: தான் நேசிக்கும் அணி தோற்றால் சினம் கொள்ள ரசிகனுக்கு உரிமை உண்டா? உண்டெனில், அந்தச் சினம் எங்கே பாய வேண்டும்?

"விளையாட்டுத்தானே! வெற்றியும் தோல்வியும் ஒன்றென்று இரு" என்பார் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், வெற்றியும் தோல்வியும் ஒன்றென்றால், நீதியும் அநீதியும் ஒன்றாகிவிட எவ்வளவு நேரம் ஆகும்? நேசம் உள்ள இடத்தில் நோவு உண்டு. பிள்ளை தேர்வில் தவறினால் தாய் கலங்குகிறாள். அவளிடம் போய், "அனைத்தும் ஒன்றே" என்று கூறுபவனை அறிவாளி என்போமா? கொதிப்பு குற்றமன்று. கொதிக்கும் நீர் சோறும் ஆக்கும், கையையும் சுடும். எங்கே ஊற்றுகிறோம் என்பதே கேள்வி.

1975 செப்டம்பர் 30. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட்டது. மோகன் பகான் ஒன்றும் போடவில்லை. அந்தத் தோல்வியைத் தாங்க இயலாத மோகன் பகான் ரசிகர் ஒருவர், உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் சிறந்த மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து இதற்குப் பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவரை ஏளனம் செய்ய என் பேனா துணியாது; அந்த நேசம் உண்மையானது. ஆனால், இல்லாத ஒரு பிறவியை உண்டென்று நம்பவைத்தார்களே, அந்த நம்பிக்கையை என்னென்பது? அடுத்த ஆண்டின் ஆட்டத்தைக் காண இருந்திருக்க வேண்டிய மனிதர், அடுத்த பிறவியின் ஆட்டத்துக்காகப் போய்விட்டார்!

2021 ஆகஸ்டு 4. டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் ஹாக்கி அரையிறுதியில், அர்ஜென்டினாவிடம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா தோற்றது. அந்த அணியில் ஆடியவர் வந்தனா கட்டாரியா. நான்கே நாட்களுக்கு முன், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண். அரித்துவாரில் உள்ள அவர் வீட்டு வாசலில், தோல்வி நாளன்று சிலர் வெடி வெடித்தனர்; சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர்; அணியில் தாழ்த்தப்பட்டோர் மிகுந்ததால்தான் தோல்வி என்றனர். இது அவர் குடும்பத்தார் காவல்துறையில் அளித்த புகார்.

மூன்று கோல் அடித்தபோது அவர் இந்தியாவின் மகள்! அணி தோற்றபோது சேரியின் மகள்! வெற்றிக்கு நாடு, வீழ்ச்சிக்குச் சாதி — இது என்ன கணக்கு?

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் தோல்விக்குப் பரிகாரத்தை அடுத்த பிறப்பில் தேடினார். மற்றவர்கள் தோல்விக்குக் குற்றத்தை இந்தப் பிறப்பில் தேடினர். இரு இடத்திலும் ஆட்டம் மறைந்தது, பந்து மறைந்தது, பிறப்பு ஒன்றே எஞ்சியது. குரங்கணிப் பேருந்தில் சந்திராஷ்டமம் பேசியவனும் சாதி பேசியவனும் ஒரே இருக்கையில் அமர்ந்திருந்தது தற்செயல் அன்று.

வேறு வழி உண்டா? உண்டு. 1952 ஜூலையில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றது. நம் ஆறு கோல் அதற்குமுன் எம்மாத்திரம்! ஆனால், தோல்விக்குப் பின் கேள்வி எழுந்தது: ஏன்? எதிரணி வலிமை மிக்கது. அந்த ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. நம்மவரில் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினர். அது மாற்றக்கூடியது. மாற்றினர், காலணி கட்டாயமாயிற்று. 1956இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்று, அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவைச் சந்தித்தது இந்தியா. தோற்றது, ஆனால் இம்முறை நான்குக்கு ஒன்று. ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தென்கொரியாவை வென்று தங்கம்!

பத்து கோல் வாங்கிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த சையது அப்துல் ரகீமே, மெல்போர்னுக்கும் ஜகார்த்தாவுக்கும் பயிற்சியாளர். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். "போடா வெளியே" என்று அவரை அன்றே விரட்டியிருந்தால்? அதை எண்ணியபோது, மற்றோர் ஆசிரியனாகிய எனக்கு நாணம் மேலிட்டது.

மறுநாள் காலையில் கோல் காவலனைத் தேடிச் சென்றேன். கொட்டகுடி ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"பூட்ஸ் இரவல், அண்ணே. ஒரு அளவு சின்னது" என்றான்.

"பயிற்சிக்குப் போவதில்லையா?"

"பயிற்சி சனி, ஞாயிறுதான். இப்போ காய் எடுப்பு நேரம். ரெண்டு நாளும் அம்மாவோட ஏலத்தோட்டத்துக்குப் போயிடுவேன்."

சற்றுப் பொறுத்து அவனே சொன்னான்: "மூணாவதும் அஞ்சாவதும் என் தப்புத்தான், அண்ணே. மத்த நாலுக்கும் எனக்கு முன்னால தடுக்க ஆளே இல்லை. அஞ்சாவதுக்கு நீங்க கத்தினது சரிதான்."

சரியா? இல்லை, தோழர்களே! பந்தை விட்டது அவன் தவறு. "பந்தை விட்டுவிட்டாய்" என்று நான் கூறியிருந்தால் அது விமர்சனம். நான் கூறியதோ, "வெளியே போ" என்பது. செயலைக் கண்டிப்பதற்கும் ஆளையே தள்ளுவதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. நான் அதைத் தாண்டிவிட்டேன். தலைமுறை தலைமுறையாக "வெளியே நில்" என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்த காதில், என் சொல்லும் போய் விழுந்தது. நான் சாதியை நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? பேருந்தில் அடுத்தவன் அதைச் சொன்னபோது, என் மௌனம் அவனுக்கு எதைத் தெரிவித்திருக்கும்?

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சங்கடப்பட்டு, ஈரத் துணியைப் பிழியத் தொடங்கினான்.

ரசிகத் தோழர்களே! தோற்றால் கொதியுங்கள், கொதிக்காதவனுக்கு வெற்றியின் சுவையும் தெரியாது. ஆனால் "யார்?" என்று கேட்பதற்கு முன், "ஏன்?" என்று கேளுங்கள். "யார்?" என்று தொடங்கினால், இந்த நாட்டில் அந்தக் கேள்வி நெடுந்தொலைவு போவதில்லை, அருகிலுள்ள எளியவன் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. "ஏன்?" என்று தொடங்கினால், அளவு குறைந்த காலணிவரை போகும்; பயிற்சிக்கு வர இயலாத சனிக்கிழமைவரை போகும்; கூலி வேலைக்கும் கல்விக்கும் நடுவே இழுபடும் ஓர் இளைஞனின் வாழ்க்கைவரை போகும். அங்கே நாம் செய்யக்கூடியது இருக்கிறது.

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து அவனுக்கு அளவான காலணி வாங்கிவிட்டோம். பயிற்சியை வார நாள் மாலைக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம். இன்னும் விடை வரவில்லை. அடுத்த ஆட்டத்திலும் நாம் தோற்கலாம். அன்றும் நான் திடலின் ஓரத்தில் நிற்பேன், கத்துவேன். என்ன கத்துவது என்பதை மட்டும் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.